சத்தம் போடாத கணினி

வாங்குவதா, பொறுப்பதா என்ற கேள்வி அந்த வீட்டில் மூன்று மாதமாகக் குடியிருந்தது. காலி செய்யச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாத குடித்தனக்காரனைப்போல், கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. சாப்பிடும்போதும் எழுந்து போவதில்லை.

அவளுடைய மேசைக் கணினிக்குப் பத்து வயது. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே அணைந்துவிடும். புதிதாக ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் பார்த்துப் பார்த்து இந்த வருடம்தான் கணினி செய்கிறவர்கள் உள்ளே இருக்கும் பிராசஸரை மாற்றுகிறார்கள். கொஞ்சம் வேகத்தைக் கூட்டும் மாற்றமாக இருந்தால் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. இது அடியோடு வேறு வகை. பழைய வகைக்கென்று எழுதிய மென்பொருள்களைத் திருத்தி எழுதினால்தான் புதியதில் ஓடும். பழைய வகையின் விற்பனை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. இப்போது பழையதை வாங்கினால் நாலு வருடத்தில் அது யாரும் சீண்டாத சாமானாகிவிடும். புதியதை வாங்கினால் அவளுடைய மென்பொருள் அதில் ஓடுமா?

அந்த ஓடுமா என்பதில்தான் அவளுடைய சோறு இருந்தது. பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. மருத்துவமனை டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகளைக் கேட்டு டைப் அடிப்பது அவள் வேலை. மேசைக்கடியில் ஒரு மிதிகட்டை. மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். இடது காதில் டாக்டர். வலது காதில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் குரல். அதை அவள் ஓடவிடும் வேகத்தில் மற்றவர்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. தகரக் கூரைமேல் ஆலங்கட்டி மழை பெய்வதுபோல் இருக்கும். பன்னிரண்டு வருடப் பழக்கம். அந்தக் குரலுக்கு அவள் வைத்த பெயர் அவசரக்காரன்.

"என்னைவிட அவன்கூடத்தான் நீ அதிக நேரம் இருக்கே" என்பான் அவள் கணவன்.

"அவன் சொன்னதையே திருப்பிச் சொன்னாலும் சலிச்சுக்க மாட்டான். நீங்க?"

கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவளுடைய தம்பி காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தான். எந்தப் புதுச் சாமான் வந்தாலும் முதல் ஆளாகத் தெரிந்துகொண்டு வந்து சொல்வதால் கணவன் அவனுக்கு 'செய்தி' என்று பெயர் வைத்திருந்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் செய்தி சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டது.

"அக்கா, புதுசுல ஃபேனே கிடையாதாம். சூடே ஆகாதாம். பக்கத்துல காதை வச்சாலும் சத்தம் வராதாம்."

"சத்தம் வராம அது என்னடா கம்ப்யூட்டர்? இருக்கா போச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"செய்தி வாசிச்சு முடிச்சாச்சுன்னா சாப்பிடு, மாப்ள."

"மாமா, நீங்க லிஃப்ட் பார்க்கறவரு. உங்களுக்கு மேல போறது, கீழ வர்றது ரெண்டுதான் தெரியும்."

"நடுவுல மாட்டிக்கிறதும் தெரியும்டா. அதுக்குத்தானே என்னைக் கூப்பிடறாங்க."

அவள் சிரித்தாள். ஆனாலும் மனம் பட்டியலிலேயே இருந்தது. பட்டியலில் பதினாலு கேள்விகள். மிதிகட்டை வேலை செய்யுமா? மருத்துவமனைக் குறிப்புகளை அடிக்கும் திரை, அந்த டைப் ஜன்னல், திறக்குமா? பழைய கோப்புகள் வருமா? ஒவ்வொன்றுக்கும் விசாரித்து, கேட்டுத் தெரிந்துகொண்டு, எதிரே ஆம் அல்லது இல்லை என்று போட்டிருந்தாள். மிச்சம் ஒன்றே ஒன்று, ஒன்பதாவது: அவசரக்காரன் ஓடுவானா?

யாரிடமும் படித்துச் சொல்லச் சொல்லாமல் தானே விசாரித்தது வீம்புக்காக அல்ல. கல்லூரிக்கு விண்ணப்பித்த வருடம், படிவத்தைப் படித்துக் காட்டிய ஒரு புண்ணியவான் நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டார். அந்த ஒரு வரியால் ஒரு வருடம் போயிற்று. அன்றிலிருந்து ஒரு சட்டம்: தன் காதால் கேட்டதுதான் கணக்கு; அவளாகக் கேட்டால் தவிர அவளுக்காக யாரும் எதையும் படிக்கக் கூடாது. கல்யாணமான புதிதில் கணவன் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து வழிநெடுகக் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தான். பதினோராவது பலகையில் அவள், "நான் கேட்டேனா?" என்றாள். அதற்குப் பிறகு அவன் எதையும் படிக்க வாயைத் திறந்ததில்லை. அவளுக்கு வரும் கடிதங்களைக்கூட உறையோடு மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவான்.

சாப்பாடு முடிந்ததும் அவள் கணினி முன் உட்கார்ந்து, மென்பொருள் கம்பெனியின் அறிவிப்புப் பக்கத்தைத் திறந்தாள். கணவன் தேநீர்க் கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றான். அவசரக்காரன் கொட்டித் தீர்த்தான்: பயனர்களுக்கு ஓர் அறிவிப்பு. புதிய பிராசஸருக்கு மாறும் காலம் இது. உங்கள் குரல் துணை புதிய கணினிகளிலும் உங்களுடன் வரும். படம். எங்கள்மீது நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு நன்றி.

எல்லாப் பக்கங்களிலும் படம் இருக்கும். சிரிக்கும் பெண், கைகுலுக்கும் இருவர், பூச்சாடி. அவசரக்காரன் படம் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டிப் போவான், அவளும் தாண்டிப் போவாள். இரண்டு முறை கேட்டாள். சந்தேகத்துக்குக் கைபேசியிலும் ஒருமுறை கேட்டாள். ஒன்பதுக்கு எதிரே ஆம் என்று போட்டாள்.

புதன்கிழமை காலை பழைய கணினி அணைந்தது. இந்த முறை எழுந்திருக்கவே இல்லை.

வியாழக்கிழமை கடையில் கடைக்காரர், "பழசு ரெண்டு இருக்கும்மா, புதுசும் வந்திருக்கு. எது?" என்று கேட்டார்.

"புதுசு."

"புதுசுதானா? நிச்சயமா?" என்றான் கணவன்.

"பதினாலும் பார்த்தாச்சு."

"இல்ல, நல்லா யோசிச்சு..."

"மூணு மாசம் யோசிச்சது பத்தாதா? சொன்னதைச் செய்யுங்களேன்."

சனிக்கிழமை பத்து மணிக்குக் கொண்டுவந்து தருவதாகக் கடைக்காரர் சொன்னார். மருத்துவமனையின் டைப் பிரிவு மேற்பார்வையாளரிடம் அவள் இரண்டு நாள் விடுப்புச் சொன்னாள். அந்த அம்மா நல்லவர், ஆனால் கறார். "திங்கக்கிழமை எட்டு மணிக்கு உன் வரிசையில எழுபது பதிவு நிக்கும். நீ எடுக்கலைன்னா வேற ஒருத்தருக்குப் போயிடும். போனா திரும்பி வராது, பார்த்துக்கோ" என்றார்.

சனிக்கிழமை பெட்டி வந்தது. தம்பி பிரித்தான். அவள் கையால் தடவிப் பார்த்தாள். சிறியது, வழவழப்பானது, ஒரு அகராதி கனம்கூட இல்லை. தானே ஒயர்களை மாட்டினாள், தானே பொத்தானை அழுத்தினாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

பழையதில் பொத்தானை அழுத்தினால் முதலில் ஒரு டிக், பிறகு விசிறியின் மூச்சு, பிறகு வட்டின் கறகறப்பு. அந்த மூச்சு ஏறி இறங்குவதை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவாள். இதில் எதுவும் இல்லை. பாறாங்கல்லின் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

"ஓடலையேடா."

"ஓடுதுக்கா. திரையில எல்லாம் வந்துடுச்சு."

அவள் கையைப் பெட்டியின்மேல் வைத்தாள். ஜில்லென்று இருந்தது.

தம்பி எதையோ தட்டி, கணினியோடு வந்த குரலை எழுப்பினான். லிஃப்டில் கதவு மூடுகிறது என்று சொல்லும் பெண்ணைப்போல் அது நிதானமாக வணக்கம் சொன்னது. பரவாயில்லை, இதை வைத்து அவசரக்காரனை ஏற்றிவிடலாம் என்று அவள் தேறிக்கொண்டாள். ஏற்றினாள். உரிம எண்ணைப் போட்டாள். கணினியின் குரல் அதே நிதானத்தோடு, "இந்த மென்பொருளை இந்தக் கணினியில் திறக்க முடியாது" என்றது. மறுபடி ஏற்றினாள். மறுபடி அதே வாக்கியம். மருத்துவமனையின் டைப் ஜன்னலைத் திறந்தாள். அந்தப் பெண் குரல் அதற்குள் நுழைந்து, "ஜன்னல்" என்றது. டேப் விசையை அழுத்தினாள். "ஜன்னல்." அம்புக் குறியை அழுத்தினாள். "ஜன்னல்." கேட்டதற்கெல்லாம் ஜன்னல், அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல அதற்குத் தெரியவில்லை.

அவளுடைய விரல்கள் விசைப்பலகையின்மேல் அப்படியே நின்றுவிட்டன. தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். கணவன், "சும்மா இரு மாப்ள" என்றான்.

மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். பத்து நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு ஆண் குரல் வந்தது. அவள் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"திரும்ப ஏத்திப் பார்த்தீங்களா மேடம்?"

"ரெண்டு தடவை."

"ஓடணுமே. இந்த மாசம் கேட்ட எல்லாருக்கும் ஓடும்னுதான் சொல்லிட்டு இருக்கேன். அறிவிப்புப் பக்கத்துலயே இருக்கு, உங்களுடன் வரும்னு."

"அதை வச்சுத்தான் சார் நானும் வாங்கினேன்."

"மறுபடி ஒருதரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துடலாமா மேடம்? ஏதாவது மாத்தியிருந்தா..."

அவள் கையில் இருந்த கைபேசியில்தான் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. புதுக் கணினியைத் தொடவே கை வரவில்லை. கல்யாணமான பத்து வருடத்தில் முதல் முறையாக, "ஏங்க, உங்க போன்ல அந்தப் பக்கத்தைத் திறந்து படிங்க. மேலேருந்து, ஒண்ணு விடாம" என்றாள்.

கணவன் திறந்தான். பள்ளிப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோல் படித்தான்.

"பயனர்களுக்கு ஓர் அறிவிப்பு. புதிய பிராசஸருக்கு மாறும் காலம் இது. உங்கள் குரல் துணை புதிய கணினிகளிலும் உங்களுடன் வரும். அப்புறம் சிவப்புப் பெட்டிக்குள்ள: கவனிக்கவும், அடுத்த ஆண்டு நடுப்பகுதி வரை எங்கள் மென்பொருள் புதிய பிராசஸரில் இயங்காது. அதுவரை பழைய வகைக் கணினியையே வாங்குமாறு..."

"நிறுத்துங்க."

நிறுத்தினான்.

"எங்க இருக்கு அது?"

"இங்கதான். நடுவுல. கொட்டை எழுத்துல."

"அங்க படம்தானே இருக்கு?"

"எழுத்தாத்தான் தெரியுது. இரு..." அவன் விரலால் அழுத்திப் பார்த்தான். "அழுத்தினா மொத்தமா பெரிசாகுது. ஆமா, படம்தான். படத்துக்குள்ள எழுதியிருக்கான்."

அவள் மெதுவாகக் கேட்டாள்: "செவ்வாக்கிழமையும் இருந்துச்சா இது?"

"இருந்துச்சே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் பின்னாடிதானே நின்னேன்."

"பார்த்தீங்க."

"பார்த்தேன்."

"பார்த்துட்டு, டீக் கப்பை வச்சுட்டு, போயிட்டீங்க."

"நீ கேட்டுட்டேன்னு நெனச்சேன்" என்றான் அவன். "அவன் கடகடன்னு ஓடறான், எனக்கு ஒரு வார்த்தை புரியாது. எல்லாத்தையும் படிச்சிருப்பான், நீ யோசிச்சு வேற ஏதோ வழி வச்சிருப்பேன்னு நெனச்சேன். அதான் கடையில நிச்சயமான்னு கேட்டேன். நீ பதினாலும் பார்த்தாச்சுன்னே. நான் படிச்சா உனக்குப் பிடிக்காதே."

இவன்மேல் கோபப்படலாமா என்று மனதுக்குள் தேடிப் பார்த்தாள். தேடத் தேட அது தன்மேலேயே வந்து முட்டியது. சட்டம் போட்டது அவள். பத்து வருடமாக அதை ஒரு எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியவன் அவன். இவ்வளவு ஒழுங்காக ஒருவன் சொன்ன பேச்சைக் கேட்பான் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

"மேடம்" என்றது போன். "அங்க நிஜமாவே படமா இருக்கா?"

"உங்க கம்பெனி பக்கம்தானே சார்? நீங்க பார்த்ததில்லையா?"

"எனக்கும் பார்வை கிடையாது மேடம்."

தம்பி உட்கார்ந்திருந்த நாற்காலி கிரீச்சிட்டது.

"நானும் நம்ம மென்பொருள்லதான் அந்தப் பக்கத்தைக் கேட்டேன்" என்றார் அவர். ஒவ்வொரு சொல்லையும் கையால் தடவிப் பார்த்துப் பேசுவதுபோல் இருந்தது. "மேல இருக்கறவங்ககிட்டயும் கேட்டேன். எல்லாம் அறிவிப்புல தெளிவா போட்டிருக்கு, அதையே சொல்லுங்கன்னாங்க. அதையேதான் சொன்னேன். என் மேசைக்குக் கீழயும் புதுசு ஒண்ணு இருக்கு. இன்னும் பிரிக்கல."

"பிரிக்காதீங்க" என்றாள் அவள்.

மணி நாலரை. பழைய வகை விற்பனைக்கு அதுதான் கடைசி நாள். மூவரும் புதுக் கணினியைப் பெட்டியில் திணித்துக்கொண்டு கடைக்கு ஓடினார்கள்.

"காலையில வரை ஒண்ணு இருந்துச்சும்மா" என்றார் கடைக்காரர். "பதினோரு மணிக்குப் போயிடுச்சு. கம்பெனியிலயும் இல்ல, கேட்டாச்சு."

தம்பி வேறு கடைகளுக்குப் போன் போட ஆரம்பித்தான். ஒவ்வொரு முறையும் "அப்படியா, சரி" என்று அவன் சொல்வது காதில் விழுந்தது. அவள் கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமை எட்டு மணிக்கு எழுபது பதிவுகள் நிற்கும். எட்டரைக்கு நிற்காது.

அப்போதுதான் கேட்டது. முழங்கால் உயரத்தில், வலது பக்கம், ஒரு விசிறியின் மூச்சு.

"இங்க என்ன ஓடுது?"

"எங்கம்மா?"

"மேசைக்கு அடியில. கம்ப்யூட்டர் ஃபேன் அது."

"அதுவா? நான் பில் போடறது."

"எந்த வகை?"

"பழசுதான். ஆறு மாசம் முன்னாடி பிரிச்சேன்."

"அதைக் கொடுத்துட்டு இந்தப் புதுசை வச்சுக்கிறீங்களா?"

கடைக்காரர் திகைத்துப்போனார். ஓடித் தேய்ந்ததைக் கொடுத்துவிட்டுப் புத்தம் புதியதை வாங்கிக்கொள்ளச் சொல்லி எந்த வாடிக்கையாளரும் அவரிடம் கெஞ்சியதில்லை. "யோசிச்சுத்தான் கேக்கறீங்களாம்மா?" என்றார்.

"ஏங்க, அதுல ஒட்டியிருக்கறதைப் படிங்க."

கணவன் குனிந்தான். வகை, எண், தயாரித்த மாதம் எல்லாவற்றையும் படித்தான். பிராசஸரின் பெயரை இரண்டு முறை படித்தான். பிறகு நிறுத்தினான்.

"வேற?"

"பின்னாடி ஒயர் மாட்டற ஒரு துளைக்குப் பக்கத்துல பேனாவுல எழுதியிருக்கு. வேலை செய்யாதுன்னு."

"அது ஒண்ணுமில்ல சார், மத்ததெல்லாம்..." என்றார் கடைக்காரர்.

"மத்தது எத்தனை?"

"அஞ்சு" என்றான் கணவன், எண்ணிப் பார்த்து.

மிதிகட்டை, விசைப்பலகை, காதுக்குழல்: அவளுக்கு மூன்று துளை இருந்தால் சரி. "போதும். கழட்டுங்க."

வீட்டுக்கு வந்து அவசரக்காரன் மறுபடி பேசியபோது மணி ஏழு. அவளுக்குக் கண்ணீர் வந்துவிடும் என்று தம்பி எதிர்பார்த்தான். அவளோ டைப் ஜன்னலைத் திறந்து, மிதிகட்டையை மிதித்து, டாக்டர் ஒருவர் ஒரு நோயாளியின் பித்தப்பையைப் பற்றிப் பேசுவதை அரை நிமிடம் கேட்டுவிட்டுக் காலை எடுத்தாள். பிறகு உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். இந்த முறை இசை இல்லை. முதல் மணியிலேயே எடுத்தார்.

"கிடைச்சுதா மேடம்?"

"கிடைச்சுது. உங்களுக்கு?"

"இங்க ஆபீஸ்ல பழசு ஒண்ணு இருக்கு, அதுல சமாளிச்சுக்குவேன். ஆனா மேடம், இந்த மாசம் நான் நாப்பத்தோரு பேருக்கு ஓடும்னு சொல்லியிருக்கேன். நான் குறிச்சு வச்சிருக்கேன், பேரும் மின்னஞ்சல் முகவரியும். மேல இருக்கறவங்க யாரும் இப்ப போன் எடுக்கல. அந்தப் படத்துல இருக்கறதை யாராவது எழுத்தா அடிச்சுக் குடுத்தா, எல்லாருக்கும் நானே அனுப்பிடுவேன்."

"அனுப்பறேன்" என்றாள்.

அவள் வேலையே அதுதான்: ஒருவர் பேச, கேட்டு அடிப்பது. கணவன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். படத்தில் இருந்ததைப் படித்தான். சிவப்பு என்பதையும் கொட்டை எழுத்து என்பதையும் சேர்த்தே படித்தான். அவள் தடுக்கவில்லை. ஆறு வரி. அடித்து முடித்ததும் அவசரக்காரன் அதை ஒரே மூச்சில் படித்துக் காட்டினான். செவ்வாய்க்கிழமையே அவன் இதைப் படித்திருந்தால் என்று ஒரு கணம் தோன்றியது. கடிதத்தின் அடியில், சந்தேகம் இருப்பவர்கள் கேட்கலாம் என்று தன் மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்து அவருக்கு அனுப்பினாள். அவர் அந்த நிமிடமே நாற்பத்தோரு பேருக்கும் அனுப்பினார்.

தம்பி கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். கணவன் தேநீர் போட எழுந்தான். இன்று விற்பனைக்குக் கடைசி நாள், கடைகள் இன்னும் ஒரு மணி நேரம் திறந்திருக்கும், யாராவது ஒருவராவது ஓடிப் போய் வாங்கிவிடுவார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

எட்டு நிமிடத்தில் முதல் பதில் வந்தது. முன்பின் தெரியாத பெயர். வணக்கம் இல்லை, நன்றி இல்லை, ஒரே ஒரு வரி. அவசரக்காரன் அதைத் தன் வழக்கமான வேகத்தில் சொல்லிவிட்டு நின்றான்.

நேற்றுதான் வாங்கினேன்.